நீண்ட தூர விமானப் பயணமா? கேபின் பையில் எதை வைக்கணும், எங்கே வைக்கணும்? முழு விளக்கம்

சென்னையிலிருந்து துபாய்க்கு சுமார் 4 மணி நேரம். அங்கிருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏறக்குறைய 16 மணி நேரம். நடுவில் விமானம் மாறக் காத்திருக்கும் நேரம் வேறு. மகளின் பிரசவத்துக்காகவோ, பேரப்பிள்ளைகளைப் பார்க்கவோ கிளம்பும் அப்பா, அம்மாவுக்கு வீட்டு வாசலில் இருந்து மகள் வீட்டு வாசல் வரை ஒரு நாளுக்கு மேல் ஓடிவிடும்.

இந்தப் பயணத்துக்காக பெரிய பெட்டிகளை ஒரு மாதமாக அடுக்குவார்கள். எடை பார்ப்பதும், எடுப்பதும், மறுபடி வைப்பதுமாக வீடே அமர்க்களப்படும். ஆனால் கையில் கொண்டு போகும் கேபின் பை? பெரிய பெட்டியில் இடம் கிடைக்காத பொருட்களை எல்லாம் கடைசி நேரத்தில் அள்ளிப் போடும் பையாக அது மாறிவிடுகிறது.

உண்மையில் அந்த ஒரு நாள் முழுக்க உங்களுக்கு உதவப் போவது அந்தச் சின்ன பை மட்டும்தான். பெரிய பெட்டியை நீங்கள் மறுபடி பார்ப்பது ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான். அப்படியானால் கேபின் பையில் என்ன இருக்கணும்? எப்படி அடுக்கணும்? எதை வைக்கவே கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

*முதலில் 7 கிலோ கணக்கு*

எகானமி வகுப்பில் பல விமான நிறுவனங்கள் அனுமதிக்கும் கேபின் பையின் எடை 7 கிலோ. சில நிறுவனங்கள் 8 கிலோ, அதற்கு மேலும் அனுமதிக்கின்றன. இந்தியாவிலிருந்து கிளம்பும்போது பையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. இரண்டு மூன்று விமானம் மாறிப் போகிறவர்கள், அவற்றில் எது குறைவான எடையை அனுமதிக்கிறதோ அதையே கணக்கில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

சக்கரம் வைத்த டிராலி பை காலியாக இருக்கும்போதே 2 முதல் 3 கிலோ வரை இருக்கும். அதாவது, ஒரு பொருளும் வைக்காமலே மூன்றில் ஒரு பங்கு எடை போய்விடுகிறது. தோளில் மாட்டும் துணிப் பை என்றால் ஒரு கிலோ சுற்றித்தான் வரும். முதுகு, தோள் வலி இல்லாதவர்களுக்குத் துணிப் பை லாபம். வலி உள்ளவர்களுக்கு டிராலிதான் சரி, ஆனால் உள்ளே வைப்பதைக் குறைக்கணும்.

*பைக்குள் ஒரு பை: இதுதான் முக்கியம்*

விமானத்தில் ஏறியதும் கேபின் பை தலைக்கு மேலே உள்ள பெட்டிக்குள் போய்விடும். சீட் பெல்ட் விளக்கு எரியும்போது எழுந்து எடுக்க முடியாது. ஜன்னல் சீட்டில் இருந்தால், பக்கத்தில் தூங்கும் இரண்டு பேரை எழுப்பணும். மாத்திரை மேலே, கண்ணாடி மேலே, ஸ்வெட்டர் மேலே என்றால், இருந்தும் இல்லாத கதைதான்.

அதனால் பெரிய கேபின் பைக்குள், மேலாக, ஒரு சின்ன துணிப் பையை வைங்க. பயணத்தில் தேவைப்படும் எல்லாம் அதற்குள் இருக்கட்டும். எடை போடும்போதும் சோதனையின்போதும் அது ஒரே பையாகத்தான் இருக்கும். சீட்டுக்கு வந்ததும் சின்ன பையை உருவி எடுத்து, முன் சீட்டுக்கு அடியில் உங்கள் காலடியில் வைத்துக்கொண்டு, பெரிய பையை மேலே ஏற்றிவிடலாம். முன்னால் சீட் இல்லாத முதல் வரிசையில் மட்டும், விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காலடியில் எதுவும் வைக்க விடமாட்டார்கள்.

இதில் இன்னொரு பெரிய பயன் உண்டு. விமானம் நிறைந்திருந்தால், மேலே இடமில்லை என்று சொல்லி, ஏறும் வாசலிலேயே கேபின் பையை வாங்கி டேக் போட்டு சரக்குப் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் வரிசையில் நின்றுகொண்டு பையைத் திறந்து மருந்தைத் தேட முடியாது. பல பேர் பதற்றத்தில் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். மருந்து, பாஸ்போர்ட், பணம், நகை எல்லாம் கையை விட்டுப் போய்விடும். சின்ன பை தனியாக இருந்தால் ஒரே இழுப்பில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொடுத்துவிடலாம்.

*மருந்து: இதில் மட்டும் சமரசம் வேண்டாம்*

சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, இதயம் என்று தினமும் மாத்திரை எடுப்பவர்கள், மருந்தை செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் சிக்கல். வெளிநாட்டில் அந்த ஊர் டாக்டரின் சீட்டு இல்லாமல் பல மாத்திரைகளை வாங்க முடியாது.

– பயண நேரத்துக்கும் அடுத்த சில நாட்களுக்கும் தேவையான மாத்திரை: காலடிப் பையில்.

– மீதி மாதங்களுக்கான மருந்து: மேலே வைக்கும் கேபின் பையில்.

– மாத்திரைகளை அட்டையோடு வைங்க. வெட்டி டப்பாவில் கொட்டினால் சோதனையில் என்ன மருந்து என்று விளக்கவே முடியாது.

– டாக்டர் சீட்டில் மருந்தின் வேதிப்பெயர் இருக்கட்டும். நம்மூர் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் புரியாது.

இன்சுலின் போடுபவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. சரக்குப் பகுதியின் குளிரில் இன்சுலின் உறைந்தால் அது பயன்படாமல் போகும். எப்போதும் கையோடுதான் இருக்கணும். இந்தியாவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேரம், குளிர்காலத்தில் பதிமூன்றரை மணி நேரம் வித்தியாசம். மேற்கே போகும்போது உங்கள் நாளே நீளும். எந்த டோஸை எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேட்டு, கிளம்பும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கலாம். நாலு மிட்டாயோ குளுக்கோஸ் பாக்கெட்டோ கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வளைகுடா வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை போன்றவை ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். அந்த நாட்டுக்குள் கொண்டு போக முன் அனுமதி தேவை. இந்த மருந்துகள் உங்கள் சீட்டில் இருந்தால், மாற்று மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

*விமானத்துக்குள் உடம்புக்கு என்ன நடக்கிறது?*

பையில் எதை வைக்கணும் என்று புரிய, முதலில் இது புரியணும்.

விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தைச் செயற்கையாக உயர்த்தி வைத்திருப்பார்கள். ஆனால் அது தரையில் இருப்பது போல் இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். ஊட்டி 7,300 அடிக்குச் சற்று மேல். கிட்டத்தட்ட ஊட்டியில் 16 மணி நேரம், அதுவும் அசையாமல் உட்கார்ந்திருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அழுத்தம் குறைந்தால் காற்று விரியும். 8,000 அடி அழுத்தத்தில் காற்றின் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். சிப்ஸ் பாக்கெட் பலூன் போல உப்புவது இதனால்தான். அதே வேலை உங்கள் வயிற்றிலும் நடக்கும். கிளம்பும் முன் சுண்டல், சோடா, முட்டைகோஸ் எல்லாம் சாப்பிட்டிருந்தால் உப்புசம் நிச்சயம். இடுப்பை இறுக்கும் உடை வேண்டாம். கொஞ்சம் சீரகமோ இஞ்சி மரப்பாவோ பையில் இருந்தால் நல்லது. எண்ணெய், லோஷன் பாட்டில்களும் இதே காரணத்தால் கசியும். மூடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்து மூடி, தனி கவரில் போடுங்கள்.

அடுத்தது வறட்சி. விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். சென்னையின் புழுக்கத்தில் பழகியவர்களுக்குக் கண் எரியும், உதடு வெடிக்கும், மூக்கு காயும். சின்ன வாசலின் டப்பா, மாய்ஸ்சரைசர், டாக்டர் சொன்ன கண் சொட்டு மருந்து இருக்கட்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கழற்றிவிட்டு கண்ணாடிக்கு மாறுவது நல்லது.

மூன்றாவது, கால்கள். உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு முடிவுகளின்படி, 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணிப்பவர்களுக்கு ரத்த நாளத்தில் ரத்தம் உறையும் ஆபத்து சுமார் இரு மடங்காகிறது. பயப்பட வேண்டாம், அப்போதும் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், ஏற்கெனவே ரத்தம் உறைந்த பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். இவர்கள் டாக்டரிடம் கேட்டு, காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் சாக்ஸ் வாங்கிக்கொள்ளலாம். காலில் ரத்த ஓட்டக் குறைபாடு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைப் போடக் கூடாது. "ஆஸ்பிரின் ஒண்ணு போட்டுக்கோங்க" என்று யாராவது சொன்னால், அதையும் நீங்களாகச் செய்யாதீர்கள்.

எல்லோருக்கும் பொதுவான மருந்து, நடப்பதுதான். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்க. உட்கார்ந்தபடியே குதிகாலையும் விரல்களையும் மாறி மாறித் தூக்கி இறக்குங்க. இதற்கும் பைக்கும் சம்பந்தம் உண்டு. காலடியில் கனமான பையைத் திணித்துவிட்டால் காலை நீட்டவே இடம் இருக்காது. காலடிப் பை சின்னதாக இருக்கணும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

*உடை, போர்வை, தூக்கம்*

விமானத்தில் ஏசி குளிர் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு கனமான ஸ்வெட்டரை விட, லேசான முழுக்கை சட்டை ஒன்று, மேலே ஒரு சால்வை என்று அடுக்கிப் போடுவது வசதி. சால்வை போர்வையாகும், மடித்தால் தலையணையாகும், முதுகுக்கு முட்டும் கொடுக்கலாம். சட்டையையும் சால்வையையும் பையில் வைக்காமல் உடம்பிலேயே போட்டுக்கொண்டால் எடையும் மிச்சம்.

நீண்ட பயணத்தில் பாதம் வீங்கும். புது ஷூ வேண்டவே வேண்டாம். சுலபமாகக் கழற்றி மாட்டும், கொஞ்சம் தளர்வான காலணி போதும். ஒரு ஜோடி சாக்ஸ் இருக்கட்டும். ஆனால் சாக்ஸோடு கழிப்பறைக்குப் போகாதீங்க. அங்கே தரையில் இருக்கும் ஈரம் எல்லாம் தண்ணீர் இல்லை!

காது அடைப்பான், கண் மறைப்புத் துணி, கழுத்துத் தலையணை – இந்த மூன்றும் தூக்கத்துக்கு உதவும். கழுத்துத் தலையணை காற்று ஊதும் வகையாக இருந்தால் பையில் கையளவு இடம்தான் பிடிக்கும். ஒரு செட் மாற்றுடை, உள்ளாடை, பிரஷ், சின்ன பேஸ்ட்டையும் கேபின் பையில் சேருங்கள். பெட்டி வராமல் போனால் முதல் நாளுக்குக் கைகொடுக்கும்.

*சாப்பாடு: இட்லி ஓகே, ஊறுகாய்?*

சைவம் சாப்பிடுபவர்கள் டிக்கெட் போடும்போதே 'ஏசியன் வெஜிடேரியன்' உணவைத் தேர்வு செய்துவிடுங்க. பல நிறுவனங்கள் குறைந்தது 24 மணி நேரம் முன்பு சொல்லச் சொல்கின்றன. அப்படிச் சொன்னாலும் நமக்குப் பசிக்கும் நேரத்துக்கும் அவர்கள் கொடுக்கும் நேரத்துக்கும் பொருந்தாமல் போகலாம்.

கையோடு கொண்டு போக, பொடி தடவிய இட்லி, சப்பாத்தி, முறுக்கு, கடலை மிட்டாய் எல்லாம் சரியாக இருக்கும். இட்லியை முதல் சில மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்க. தயிர் சாதம், சட்னி, ஊறுகாய், நெய், தேன் ஆகியவை சோதனையில் 'திரவம்' என்ற கணக்கில் வரும். அவை செக்-இன் பெட்டிக்கு.

சாம்பார் பொடி, மிளகாய்ப் பொடியையும் செக்-இன் பெட்டியில் வைப்பதே நல்லது. மிளகாய்ப் பொடியைக் கேபினுக்குள் விட மாட்டார்கள். அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மி.லி. அளவுக்கு மேல் எந்தப் பொடி இருந்தாலும் கூடுதல் சோதனை உண்டு. 2018 முதல் வெளிநாடுகளில் கிளம்பும் விமானங்களுக்கும் இது பொருந்தும். கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள். அந்த வழியாகப் போகிறவர்கள் எந்தப் பையிலும் வைக்காதீங்க. மசாலாவில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் தவிர்த்துவிடுங்க.

அமெரிக்காவில் இறங்கும் முன் பழங்களைச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள், இல்லையென்றால் விமானத்திலேயே விட்டுவிடுங்கள். விமானத்தில் கொடுத்த ஆப்பிளைச் சொல்லாமல் பையில் வைத்திருந்த ஒரு பயணிக்கு 2018-ல் 500 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கறிவேப்பிலைக்கும் அங்கே அனுமதி இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரலாம் என்பதே காரணம். கையில் இருக்கும் உணவு எதுவானாலும் அதிகாரி கேட்கும்போது மறைக்காமல் சொல்லிவிடுங்க. சொன்னால், எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். மறைத்தால்தான் அபராதம்.

*100 மி.லி. விதி ஏன் வந்தது?*

2006 ஆகஸ்டில், திரவ வெடிபொருட்களைப் பயன்படுத்தி லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் தகர்க்கும் சதி முறியடிக்கப்பட்டது. அதன் பிறகு வந்ததுதான் இந்த விதி. ஒவ்வொரு பாட்டிலும் 100 மி.லி.க்குள், எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் அளவுள்ள ஒரே கண்ணாடிப் பைக்குள் அடங்கணும்.

கவனிக்க வேண்டியது, பாட்டிலின் அளவுதான் கணக்கு. 200 மி.லி. தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கால்வாசிதான் எண்ணெய் இருக்கிறது என்றாலும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். புதிய ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்களில் இந்த விதி தளர்ந்திருக்கிறது. ஆனால் நீங்கள் விமானம் மாறும் இடத்தில் மறுபடி சோதனை உண்டு. அங்கே பழைய விதி இருந்தால் அதுதான் செல்லும்.

தேவையான திரவ மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு உண்டு. சீட்டைக் காட்டி, நீங்களாகவே முன்கூட்டிச் சொல்லிவிடணும். குடிநீருக்குக் காலி பாட்டில் ஒன்று கொண்டு போங்க. சோதனை முடிந்ததும் உள்ளே நிரப்பிக்கொள்ளலாம்.

*பவர் பேங்க்: விதி இறுகிவிட்டது*

2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் பூசான் நகர விமான நிலையத்தில், கிளம்பத் தயாராக இருந்த ஏர் பூசான் விமானம் தீப்பிடித்தது. தலைக்கு மேலே பைகள் வைக்கும் பெட்டியில்தான் தீ தொடங்கியது. எல்லோரும் உயிர் தப்பினர். பவர் பேங்க் பேட்டரி காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் தெரிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு உலகெங்கும் விதிகள் கடுமையாகின.

– பவர் பேங்கை செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. கேபினில் மட்டும்தான்.

– 100 வாட்-ஹவருக்குள் இருந்தால் பொதுவாக அனுமதி. 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் என்றால் சுமார் 74 வாட்-ஹவர். பின்பக்கம் அச்சிட்டிருக்கும். எழுத்து அழிந்திருந்தால் பறிமுதல் செய்யலாம்.

– 160 வாட்-ஹவருக்கு மேல் அறவே அனுமதி இல்லை.

– எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல், ஒருவருக்கு ஒரு பவர் பேங்க் மட்டும் அனுமதித்து, விமானத்துக்குள் அதைப் பயன்படுத்துவதைத் தடை செய்துவிட்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்தில் அதை வைத்து சார்ஜ் போட அனுமதிப்பதில்லை.

எனவே பவர் பேங்கைக் காலடிப் பையில் வைங்க, போனை விமான நிலையத்திலேயே முழுசாக சார்ஜ் பண்ணிக்கோங்க. பல விமானங்களில் சீட்டிலேயே யூஎஸ்பி வசதி இருக்கும், கேபிளை மறக்காதீங்க. ஏறும் வாசலில் கேபின் பையை வாங்கினால், பவர் பேங்கை வெளியே எடுத்துவிட்டுத்தான் கொடுக்கணும்.

*காகிதமும் கையில் இருக்கட்டும்*

போனில் எல்லாம் இருக்கு என்று நம்பிப் போய், இறங்கும் நேரத்தில் சார்ஜ் தீர்ந்தால்? பிள்ளையின் முகவரி, போன் நம்பர், விமான எண்கள், திரும்பும் டிக்கெட், இன்சூரன்ஸ் விவரம் எல்லாம் ஒரே தாளில், ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். தனியாக, முதல் முறை போகும் பெற்றோருக்கு இது பெரிய தைரியம். மாத்திரை நேரமும் மருந்துகளின் பெயரும் அதே தாளின் பின்பக்கம். கூடவே ஒரு பேனா, படிக்கும் கண்ணாடி.

*காலடிப் பையில் இருக்க வேண்டியவை*

1. பாஸ்போர்ட், விசா, விவரத் தாள், பேனா
2. பணம், கார்டு, நகை
3. சில நாட்களுக்கான மாத்திரை, டாக்டர் சீட்டு
4. கண்ணாடி, காது கேட்கும் கருவி இருந்தால் அதற்கான பேட்டரி
5. போன், கேபிள், பவர் பேங்க்
6. சால்வை, சாக்ஸ்
7. காது அடைப்பான், கண் மறைப்பு
8. வாசலின், ஈரத் துணி, டிஷ்யூ
9. மிட்டாய், கொஞ்சம் நொறுக்குத் தீனி
10. காலி தண்ணீர் பாட்டில்

*கிளம்பும் முந்தின நாள் ஒரு சோதனை*

அம்மாவையோ அப்பாவையோ வீட்டில் ஒரு நாற்காலியில் உட்கார வைங்க. காலடியில் அந்தச் சின்ன பை. விளக்கை அணைத்துவிட்டு, "ராத்திரி மாத்திரையை எடுங்க, கண்ணாடியை எடுங்க, பாஸ்போர்ட்டை எடுங்க" என்று கேளுங்க. எழுந்திருக்காமல், யாரையும் கேட்காமல் எடுக்க முடிந்தால் பை தயார். தேட வேண்டி வந்தால், பொருள் அதிகம் என்று அர்த்தம். இரண்டைக் குறைத்துவிட்டு மறுபடி அடுக்குங்க.

அடுக்குவது பிள்ளைகளாக இருக்கலாம். ஆனால் 35,000 அடி உயரத்தில் இருட்டில் கைவிட்டுத் தேடப் போவது அவர்கள்தான். அதனால் கடைசி முறை அவர்கள் கையாலேயே அடுக்கட்டும்.